ஒடுக்கு எடுத்த டப்பா

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பழைய வண்டிகள் வரிசையாக நிற்கும் ஷெட்டுகளுக்கு நடுவே போய் டிங்கர் பாய் எங்கே என்று கேட்டால் யாரும் வாயால் பதில் சொல்ல மாட்டார்கள். சத்தம் வரும் திசையைக் கையால் காட்டுவார்கள். முப்பத்தைந்து வருஷமாக ஓயாத சத்தம் அது. அதற்குச் சொந்தக்காரர் கலீல் ரகுமான். நசுங்கி வந்த கார்க் கதவுக்கு உள்பக்கம் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து, வெளிப்பக்கம் சுத்தியால் தட்டித் தட்டி, விரலால் தடவினாலும் தெரியாத அளவுக்கு ஒடுக்கு எடுத்துவிடுவார். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை அந்தக் கைக்கு ஈடு கிடையாது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. அவரைப் புகழ்ந்து சொல்ல இதைத் தவிர பெரிதாக ஒன்றும் இல்லையே.

அந்தக் கை அவருக்குச் சோறு போட்டது, காதைத் தின்றுவிட்டது. ஐம்பது வயதில் காது டாக்டரிடம் போனபோது அவர் கோடு கோடாக ஒரு படம் போட்டுக் காட்டினார். கீச்சென்ற உச்சக்குரல் சத்தம் எதுவும் இனி கேட்காது. குக்கர் விசில், கதவு மணி, பெண்கள் பேசும் பேச்சில் பாதி எழுத்து, எல்லாம் போயாயிற்று. அடித்தொண்டைச் சத்தம் மட்டும் முழுசாகக் கேட்கும். அதாவது மனைவி சைனம்பு கூப்பிட்டால் கேட்காது, தெருமுனையில் நிற்கும் தண்ணீர் லாரியின் உறுமல் கேட்கும். “பொஞ்சாதி கொரலு கேக்கலேன்னா நஷ்டமா இன்னா?” என்று ஷெட்டில் உள்ளவர்கள் கிண்டலடித்தார்கள். கலீலும் சேர்ந்து சிரித்தார். யார் என்ன சொன்னாலும் சேர்ந்து சிரிப்பது அவருடைய வழக்கம். கெட்ட வழக்கம்.

இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு மனிதர் ஆசைப்பட்டது எதற்குத் தெரியுமா? பாட்டுப் பெட்டி செய்வதற்கு. கார்களில் கழற்றிப் போட்ட ரேடியோக்களைக் குடைந்து பார்க்கப்போய் பிடித்த பைத்தியம் அது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தால் ஷெட் லீவு. மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் சாலிடரிங் இரும்பும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர்கள், பழைய இசைத்தட்டுப் பிளேயருக்கான பெட்டிகள். யாரும் சொல்லித் தரவில்லை. பழைய ரேடியோவுக்குள் ஒட்டியிருக்கும் சர்க்யூட் படத்தைப் பார்த்து, யூடியூபைப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு தானாகக் கற்றது.

பருத்திப்பட்டில் ஏரியைப் பார்த்த அடுக்குமாடியில் ராகவன் என்பவர் இருக்கிறார். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை, வயது நாற்பது. கையால் ஆம்ப் செய்கிறவர்கள் ஒரு டஜன் பேர் மாதத்தின் முதல் ஞாயிறு அவர் வீட்டில் கூடுவார்கள். எல்லாரும் படித்தவர்கள். மூத்தவர் ஞானசேகரன், மேனாம்பேட்டிலிருந்து வருகிறவர், ரிட்டயர் ஆன இன்ஜினியர். அந்தக் கூட்டத்தில் டிங்கரிங் வேலை பார்க்கிறவர் கலீல் ஒருவர்தான். அவரை எதற்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். பன்னிரண்டு பேருடைய ஆம்புக்கும் அலுமினியப் பெட்டி மடித்துக் கொடுப்பது அவர்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சடங்கு உண்டு. புதிதாக ஒரு செட்டைக் கொண்டுவந்தால் முதலில் பாட்டுப் போட மாட்டார்கள். எதையும் ஓடவிடாமல் வால்யூமை மட்டும் முழுசாகத் திருகி வைப்பார்கள். ஃபேன் நிறுத்தப்படும், ஃபிரிட்ஜின் ஸ்விட்ச் அணைக்கப்படும், ராகவனின் மனைவி ஸ்வாதி சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்பார்கள். ஒன்றும் கேட்கக் கூடாது. ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்டாலும் தோல்வி. ஹம் என்பார்கள் அதை. எல்லாக் காதும் சரி என்று சொன்னால்தான் செய்தவருடைய பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து செட்டின் முகப்பில் ஆணியடிப்பார்கள். பெயர்த் தகடு இல்லாத செட்டு வெறும் டப்பா. அதை யார் செய்தது என்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

பதினொரு பேருடைய செட்டில் பெயர்த் தகடு இருந்தது. பதினொன்றையும் இங்கிலீஷ் எழுத்து உளி வைத்து ஒவ்வொரு எழுத்தாக அடித்துக் கொடுத்தவர் கலீல். அவருடைய பெயரை மட்டும் அடிக்க இன்னும் வேளை வரவில்லை. மூன்று தடவை செட்டைத் தூக்கிக்கொண்டு போனார், மூன்று தடவையும் ஹம். மூன்றாவது தடவைக்குப் பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் அவர் என்ன எழுதினாலும் பதிலுக்கு நாலு பேர் ‘ம்ம்ம்ம்’ என்று போட ஆரம்பித்தார்கள். அவரும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போடுவார். போட்டுவிட்டு அன்று முழுக்க யாருடனும் பேச மாட்டார்.

ஹம் எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இசைத்தட்டில் ஓடும் ஊசியிலிருந்து கிடைக்கும் கரண்ட் இத்துனூண்டு. அதைப் பெரிதாக்க எலுமிச்சம்பழ அளவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். அதே பெட்டியில், வீட்டுக் கரண்டை இறக்கிக் கொடுக்க ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர். பெரியதைச் சுற்றிப் பரவும் காந்தம் சின்னதற்குள் நுழைந்துவிடும். நுழைந்தால் அதுவும் சேர்ந்து பெருகி ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று முனகும். சின்னதை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துப் பார்த்தார். பெரியதன் இடுப்பில் செம்புத் தகட்டால் பட்டை கட்டினார். இரும்புத் தகட்டில் பெட்டி செய்து சின்னதை உள்ளே வைத்தார். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் குறைந்தது, முழுசாகப் போகவில்லை.

இதற்கென்றே ஒரு உலோகம் இருக்கிறது. மியூ மெட்டல் என்று பெயர், பெரும்பாலும் நிக்கல். அதில் செய்த டப்பாவுக்குள் வைத்தால் காந்தம் டப்பாவின் சுவரோடு போய்விடும், உள்ளே வராது. ராகவன் தன்னுடைய செட்டுக்கு அதை லண்டனிலிருந்து வரவழைத்தார். வந்த அன்று குரூப்பில் எட்டு கோணத்தில் போட்டோ போட்டார்.

மே மாதக் கூட்டம் முடிந்த மறுநாள் கலீல் அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி மண்ணூர்பேட்டையில் இருக்கும் காயலான் கடைக்குப் போனார். கடைக்காரி குப்பம்மா பத்து வருஷப் பழக்கம். எங்கோ மூடிப்போன கம்பெனியின் லேப் சாமான்கள் ஒரு மூட்டை வந்து கிடந்தன. ஒரு பழைய மீட்டரின் வயிற்றுக்குள் உள்ளங்கை அகல உருண்டை டப்பா ஒன்று, மூடியோடு, மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தது. ராகவனின் எட்டு போட்டோக்களையும் எட்டு தடவைக்கு மேல் பார்த்த கண் அல்லவா, உடனே கண்டுகொண்டது. டப்பாவின் ஒரு பக்கம் கட்டைவிரல் பதிந்தாற்போல் ஒடுக்கு.

“இத்தயா எடுத்துகினு போற? டீ டம்ளர் கணக்கா கீது” என்றாள் குப்பம்மா.

“ஆமாக்கா, டீ குடிக்கத்தான்” என்று சொல்லிவிட்டு, அவள் மனது மாறுவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் செட்டை ஆன் செய்து, சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் மேல் டப்பாவைக் கவிழ்த்தார். ஒடுக்கு இடித்ததால் முக்கால்வாசிதான் உள்ளே போனது, மூடி போட முடியவில்லை. ஆனாலும் ஸ்பீக்கரில் இருந்த முனகல் சட்டென்று அடங்கிப்போனது. காதை வைத்துக் கேட்டார். டப்பாவை எடுத்தார், ‘ம்ம்ம்’ என்றது. கவிழ்த்தார், போய்விட்டது. இருபது தடவை எடுத்துக் கவிழ்த்திருப்பார். பிறகு தரையில் உட்கார்ந்து அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, ஐம்பத்திரண்டு வயது ஆம்பளை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்படியே விட்டிருக்கலாம். முக்கால்வாசி போதும், அந்த அமைதி பன்னிரண்டு காதுக்கும் போதும். ஆனால் கலீலுக்கு ஒடுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. இரண்டு நாள் அந்த டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். கட்டைவிரல் தானாகப் போய் ஒடுக்கைத் தடவிக்கொண்டே இருந்தது.

அந்த வாரம் ராகவன் ஷெட்டுக்கு வந்தார். அடுக்குமாடியின் தூணில் உரசிக் கார்க் கதவு நசுங்கியிருந்தது. அவரைப் பார்த்ததும் கலீலுக்குத் தலைகால் புரியவில்லை. கையைத் துடைத்துவிட்டு டப்பாவை எடுத்து நீட்டினார்.

“சார், இத்தப் பாருங்க. போட்டவொடனே ஹம்மு கப்புனு அடங்கிட்ச்சு.”

ராகவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன்னுடைய லண்டன் டப்பாவைவிட இதன் சுவர் தடிமனாக இருப்பதைக் கவனித்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். காயலான் கடை என்றதும் முகத்தில் ஒரு சுருக்கம் வந்து போனது.

“இந்த ஒடுக்கோடவா பாய் கொண்டு வரப் போறீங்க?”

“அதான் சார் ரோசனையா கீது.”

“டிங்கர் பாயோட செட்டுலயே ஒடுக்குன்னா நம்ம ஆளுங்க சும்மா விடுவாங்களா? நீங்களே சொல்லுங்க.”

மியூ மெட்டலைப் பற்றி ராகவனுக்குத் தெரிந்ததும் கலீலுக்குத் தெரியாததும் ஒன்றே ஒன்றுதான். அதைச் சுத்தியால் தொடவே கூடாது. டப்பாவாக வளைத்து முடித்த பிறகு ஹைட்ரஜன் நிரப்பிய சூளையில் செக்கச்சிவக்கக் காய்ச்சி ஆறப்போட்டால்தான் காந்தத்தைத் தாங்கும் குணம் அதற்கு வரும். பிறகு தட்டினால், வளைத்தால், ஓங்கிக் கீழே போட்டால்கூட அந்தக் குணம் குறைந்துவிடும். பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது. லண்டன் டப்பாவோடு வந்த சீட்டில் இது முதல் வரியிலேயே எழுதியிருந்தது. ‘தட்டாதீங்க பாய்’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. ராகவன் அந்த இரண்டு வார்த்தையை விழுங்கிவிட்டு போனை வெளியே எடுத்தார்.

“இப்பவே எடுங்களேன் பாய். உங்க கை வேலைய ஒரு வீடியோ எடுத்துக்கறேன்.”

கலீல் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டார். டப்பாவுக்குள் வைக்கத் தோதாக ஒரு இரும்புக் குண்டைத் தேடி எடுத்தார். மெல்லிசான சுத்தியாகப் பார்த்து எடுத்து, ஒடுக்கின் ஓரத்திலிருந்து வட்டம் வட்டமாகத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பூப்போல அடி. நூறு அடி இருக்கலாம், நூற்றைம்பது இருக்கலாம். நடுநடுவே காமிராவைப் பார்த்து, “ரொம்ப வேகமா அட்ச்சா தகரம் புட்டுக்கும், பதமாதான் அடிக்கணும்” என்று பாடம் வேறு எடுத்தார். ஐந்து நிமிஷத்தில் ஒடுக்கு போன இடம் தெரியவில்லை. மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. டப்பாவைக் காமிராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, பல் தெரியச் சிரித்தார்.

“பிரமாதம் பாய்” என்றார் ராகவன்.

அந்த வெள்ளிக்கிழமை டிரான்ஸ்ஃபார்மரை டப்பாவுக்குள் முழுசாக இறக்கி, மூடி போட்டு, செட்டை ஆன் செய்தார் கலீல். ‘ம்ம்ம்’ என்றது.

எங்கேயோ வயர் மாறிவிட்டது என்று நினைத்தார். எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்பவும் சாலிடர் வைத்தார். எர்த் வயரை மாற்றினார், வால்வை மாற்றினார். பெரிய டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றித் தள்ளி வைத்துப் பார்த்தார். உலகத்தில் இருக்கும் எல்லாவற்றின் மீதும் அவருக்குச் சந்தேகம் வந்தது, டப்பாவைத் தவிர. அதன் மேல் எப்படி வரும்? அது இப்போது ஒரு குறை இல்லாமல் வழவழவென்று இருக்கிறதே, அவர் கையால் சரி செய்தது அல்லவா.

ராகவனுக்குப் போன் போட்டார்.

“உங்க ஏரியா கரண்ட் சரியில்ல பாய்” என்றார் ராகவன். “ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாத்தையும் நிறுத்திட்டுக் கேளுங்க. எங்க ஃபிளாட்டுக்குக் கொண்டு வாங்க, இங்க சுத்தமா இருக்கும்.”

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் மே மாத மத்தியானத்தில் கலீல் வீட்டு மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றார். மாடிக்கு மட்டும் ஒரு லைனை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அணைத்தார். சைனம்புவுக்கு இளைப்பு உண்டு. வெயிலில் மூச்சு வாங்கும், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தணியும். ஃபிரிட்ஜில் பால் திரிந்துபோனது. குழம்பு கெட்டது. அவள் மாடிக்கு ஏறி வந்து கதவோரம் நின்றாள்.

“இன்னாங்க, ஒரு அரமணி நேரம் ஃபேன் போட்டுக்கட்டுமா?”

அவருக்கு வார்த்தை சரியாகக் கேட்கவில்லை. அவளுடைய மூச்சின் கரகரப்புதான் கேட்டது, அதுவும் ஸ்பீக்கரில் காதை வைத்திருந்த நேரத்தில்.

“அந்தாண்ட போயேன். ஒன் இளைப்பு சத்தந்தான் காதுல வுயுது. கொஞ்ச நேரம் மூச்ச அடக்கிகினு இருந்தாத்தான் இன்னா?”

சொன்ன வார்த்தை அவருக்கே சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை. சைனம்பு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, தெருப்படியில் முந்தானையால் விசிறியபடி உட்கார்ந்திருந்தாள். அடுத்த வெள்ளியும் அதேதான், அதற்கடுத்த வெள்ளியும் அதேதான். மனைவியை வேகவைத்து அவர் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ராகவன் சார் வீட்டில் சரியாகிவிடும் என்ற ஒரே நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூன் முதல் ஞாயிறு காலையில் செட்டைத் துணியில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு பருத்திப்பட்டுக்குப் போனார். பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். அன்றைக்குச் சரண் என்ற புதுப் பையன் ஒருவனும் வந்திருந்தான், காலேஜ் முடித்துவிட்டு வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆனவன். அவனுடைய முதல் செட்டு. சடங்கு நடந்தது. ஒவ்வொருவராகக் காதை வைத்தார்கள், ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். கலீலும் எழுந்து போய்க் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கவில்லை என்றால் அங்கே ஹம்மே இல்லை என்று அர்த்தம். மற்ற எல்லாச் சத்தத்துக்கும் செத்துப்போன அந்தக் காது இந்த ஒன்றுக்கு மட்டும் பழுதில்லாமல் இருந்தது.

“பாய், தம்பிக்கு ஒரு பிளேட் அடிச்சுடுங்க” என்றார் ஞானசேகரன். சரண் ஒரு தாளில் பெயரை எழுதிக் கொடுத்தான். கலீல் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்தது அவர் முறை. செட்டை மேஜையில் வைத்துப் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். டப்பாவைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “பாய் மியூ மெட்டலே புடிச்சிட்டாரா!” என்றார் ஒருவர். கலீலுக்கு உச்சி குளிர்ந்தது. ராகவன் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் அணைந்தது. வால்யூமைத் திருகினார்கள்.

யாரும் எழுந்து வரவே வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எல்லாருக்கும் கேட்டது.

யாரோ ஒருவர் வாயை மூடிக்கொண்டு ஸ்பீக்கரோடு சேர்ந்து ‘ம்ம்ம்’ என்று சுருதி பிடித்தார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். அறை முழுக்க முனகியது. கலீல் வால்யூமைக் குறைக்கவும் தோன்றாமல், “இங்கயும் கரண்ட்டு சரியில்லியா சார்?” என்று ராகவனைப் பார்த்துக் கேட்டார்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல ராகவன் எழுந்தார். போனை டி.வி.யோடு சேர்த்தார். ஐம்பத்தைந்து இன்ச் டி.வி.யில் பூந்தமல்லி ஷெட் தெரிந்தது. முகம் கழுவி, கழுத்துவரை பித்தான் போட்ட கலீல் தெரிந்தார். கீழே கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி ஓடியது. பதினொரு பேருடைய பெயரை உளியால் அடித்த மனிதருக்கு அந்த எழுத்துகள் தெரியாமல் இல்லை. எழுத்துக் கூட்டி, தெரிந்த வார்த்தைகளைச் சேர்த்துப் படித்தார். ‘ஐந்தே நிமிடத்தில் மியூ மெட்டலைக் கொல்வது எப்படி’ என்று எழுதியிருந்தது.

முதல் அடி விழுந்ததும் கூட்டம் “அய்யோ!” என்று கத்தியது. ஒவ்வொரு அடிக்கும் கத்தினார்கள், சிரித்தார்கள், ஒருவர் தொடையில் தட்டினார். “பதமாதான் அடிக்கணும்” என்று டி.வி.யில் கலீல் சொன்னபோது சரணுக்கு இருமல் வரும் அளவுக்குச் சிரிப்பு. ஞானசேகரன் கண்ணாடியைக் கழற்றி நீரைத் துடைத்துக்கொண்டே, “மியூ மெட்டல்ல சுத்தியே படக் கூடாது பாய். தட்டினா செத்துடும். இனிமே அது வெறும் தகரம்” என்றார். நல்ல மனிதர்தான், அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கலீல் டப்பாவைப் பார்த்தார். பிறகு ராகவனைப் பார்த்தார்.

“அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியுமா சார்?”

“எல்லாருக்கும் தெரியும் பாய். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்.”

ஐம்பத்தைந்து இன்ச்சில் கலீல் டப்பாவைத் தூக்கிப் பிடித்துப் பல் தெரியச் சிரித்தார். சோபாவுக்குப் பக்கத்தில் நின்ற கலீலும் அதே நேரத்தில் சிரித்தார். சிரிப்பதைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும்? அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். ஸ்வாதி எல்லாருக்கும் காபி கொண்டுவந்தாள். அவரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். செட்டைத் துணியில் சுற்றும்போது, “பாய், சரணோட பிளேட்ட மறந்துடாதீங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி வரும் வரைக்கும் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். முதல் நாள் இருபது தடவை எடுத்துக் கவிழ்த்தாரே, அப்போது இருந்த அமைதி. அது அவர் கையில் இருந்தது. அவர் கையே அதைக் கொன்றது. ராகவனின் மேல் வர வேண்டிய கோபம்கூட வரவில்லை. இவர் என்ன மனிதர் என்று எனக்கு எரிச்சலாக வருகிறது. அந்தக் காபியை முகத்தில் ஊற்றியிருக்க வேண்டாமா? ஊற்றவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, செட்டைப் பரணில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் தீர்மானித்தார்.

வாசலிலேயே சைனம்பு நின்றுகொண்டிருந்தாள். கையில் போன். முகம் பூரித்துப்போயிருந்தது. கலியாணமான புதிதில்கூட அவளை இப்படிப் பார்த்த ஞாபகம் அவருக்கு இல்லை. காது கேட்காதவரிடம் பேசுவதால் உரக்க, தெருவுக்கே கேட்கும்படி பேசினாள்.

“இன்னாங்க, நீங்க போன்ல வந்துகீறீங்க! எங்க அண்ணன் பொண்ணு இஃபத் அனுப்பிச்சா. பேஸ்புக்ல வந்துதாம், எத்தினி ஆயிரம் பேரு பாத்துகீறாங்க தெரியுமா? அல்லாரும் சிரிச்ச மூஞ்சியா போட்டுகீறாங்க.”

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். முகம் கழுவிய கலீல் வட்டம் வட்டமாகத் தட்டிக்கொண்டிருந்தார். ராகவன் கூட்டத்தோடு நிறுத்தாமல் ஊருக்கே போட்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

“இருவத்தேழு வருசத்துல ஒங்க வேலைய நான் பாத்ததே இல்லீங்க. ஷெட்டாண்ட பொம்பளைங்க வரக்கூடாதுன்னுவீங்க. கையி எவ்ளோ பதமா போவுது, மாஷா அல்லா! ஒடுக்கு இருந்த எடமே தெரியல. பத்து வாட்டி பாத்துட்டேன். நம்ம பையன் ஃபயாஸுக்கு அனுப்பிட்டேன், மருமவ ஊட்டுக்கு அனுப்பிட்டேன், பக்கத்து ஊட்டு ஜமீலாவுக்கு, எங்க அண்ணனுக்கு, அல்லாருக்கும் அனுப்பிட்டேன்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, திரும்பவும் பேசினாள். “ஒண்ணும் வெளங்காத பொட்டிய வெச்சிகினு ஊட்ட இருட்டாக்கறாருன்னு ஒங்கள எத்தினி நாளு மனசுக்குள்ள திட்டினேன். என்னா வேல இது!”

கலீலுக்கு அவள் சொன்னதில் பாதிதான் கேட்டது. அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. செட்டை இறக்கி வைக்கவும் மறந்து நின்றார்.

“கீய இங்கிலீஷ்ல இன்னாவோ எழுதிகீதே, இன்னாங்க அது? ஜமீலா கேட்டா, எனுக்குச் சொல்லத் தெரியல.”

அவர் குனிந்து பார்த்தார். அதே வரிதான். கொட்டை எழுத்தில், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடியது.

“எம் பேரு” என்றார்.

“பேரு போட்டுகீறாங்களா!” சைனம்பு அந்த வரியின் மேல் விரலை வைத்து முதலிலிருந்து கடைசி வரை மெதுவாகத் தடவினாள். “இம்மா நீளமாவா?”

“ஆமா” என்றார் கலீல். “ஊரு பேரும் சேத்துப் போட்டிருக்காங்க.”